பெட்டி ஏறும் வண்டி – 14. அடியில் பிடித்த உப்பு

மாரீஸ்வரனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஊருக்குள் ஒரு நல்ல பெயர். அந்த நல்ல பெயரை வைத்துக்கொண்டுதான் மனுஷன் எட்டு மாதமாக ஒரே பொய்யை ஓட்டிக்கொண்டிருந்தான். அது பன்னிரண்டு நாளுக்கு முன்னால் அபிராமம் ரோட்டுப் பாலத்தில் போய் மோதி நின்றது.

போன வாரம் பத்திரிகை கைக்கு வராதவர்களுக்காக நாலு வரி. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதுகுளத்தூருக்குத் தெற்கே மிளகாய் போடுகிற மலையாண்டிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் நம்ம மாரீஸ்வரன். இளையவன் தனுஷ், இருபத்தைந்து வயது, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மிளகாய்ப் பழம் எடுக்க ஆள் வேண்டும் என்று மூன்று வாரத்துக்கு முன்புதான் ஊருக்கு வந்தான். குலசாமியின் பட்டும் மணியும் அரிவாளும் வைத்த பெட்டி இவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. மாசி சிவராத்திரிக்கு அதை அறுபது கிலோமீட்டர் தாண்டிக் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது வீட்டு மூத்த பிள்ளையின் உரிமை. பதினேழு வருடமாகப் பெட்டி போவது வீட்டுப் பிக்கப் வண்டியில். ஆகவே அந்த வண்டியில் மிளகாய் ஏறலாம், வைக்கோல் ஏறலாம், கல்யாண வீட்டு அண்டா குண்டா ஏறலாம். கறியும் மீனும் ஏறக்கூடாது.

மிளகாய் மூட்டையோடு பரமக்குடிக்குப் போன தனுஷுக்கு வழியில் பிரேக் பிடிக்கவில்லை. எதிரே ஆட்டு மந்தை, மந்தைக்குப் பின்னால் மேய்க்கிற பெண்பிள்ளை. அவன் ஸ்டியரிங்கை ஒடித்துப் பாலத்துச் சுவரில் விட்டான். வலது காலில் இப்போது கம்பி வைத்திருக்கிறது. வண்டியைத் தூக்கி நிறுத்தியபோது பலகைச் சந்தில் காய்ந்த மீன் செதிலைப் பங்காளி ஒருவர் பார்த்துவிட்டார். ஊருக்கு வந்த முதல் வாரமே வண்டியை எடுத்துக்கொண்டு சேக்காளிகளோடு இரண்டு நாள் ராமேஸ்வரம் பக்கம் போய்வந்தவன் தனுஷ். பிறகென்ன, சாமி வண்டியில் மீன் ஏற்றினான், சாமி காட்டிவிட்டது என்று தீர்ப்பு ஆகிவிட்டது.

தப்புச் செய்தவன் பங்காளிகள் முன்னால் விழுந்து கும்பிட்டு, இனி ஆயுசுக்கும் பெட்டியைத் தொடுவதில்லை என்று சொல்ல வேண்டும். யாரும் ஒத்துக்கொள்ளாவிட்டால் பெட்டி வேறு வீட்டுக்குப் போய்விடும். சிவராத்திரிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

மீன் ஏற்றியது யார் என்று உங்களுக்குத் தெரியும். மிளகாய் இல்லாத மாதங்களில் வண்டி சும்மா நிற்கிறதே என்று பெரியபட்டினத்தில் விடிகாலையில் மீன் பெட்டி ஏற்றிப் பரமக்குடியில் இறக்கிக்கொண்டிருந்தது மாரீஸ்வரன்தான். வீட்டில் சொன்னது தண்ணீர் கேன் லோடு. இறக்கியதும் வழியில் கண்மாய்க் கரையில் நிறுத்தி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, மஞ்சள்பொடி போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். சாமிக்கு அவ்வளவு மரியாதை.

இனி கதைக்குப் போவோம்.

முதுகுளத்தூரில் மெக்கானிக் அப்துல் அஜீஸின் ஷெட்டில் வண்டி நெற்றி நசுங்கி நின்றிருந்தது. காலை எட்டு மணிக்கு மாரீஸ்வரனும் அவன் பெண்டாட்டி சுகந்தியும் போனபோது அஜீஸ் ஒரு சாக்கை எடுத்துக் கொடுத்தார். உள்ளே பிரேக்குக்கு ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர், விரிசல் விட்டது, ஒன்றும், முழ நீளத்துக்கு ஒரு பிரேக் பைப்பும்.

"சிலிண்டர் பழைய மாடல். சாம்பிளக் கையில வச்சுக்கிட்டுத் தேடணும். பைப்ப நானே புதுசு வளைச்சுப் போட்டுருவேன். அதோட நட்டு மட்டும் இதே சைஸ் வேணும், அதுக்காகத்தான் இதையும் வச்சிருக்கேன்."

"எப்பக் கொண்டாந்தா பெட்டிக்கு வண்டி ரெடியாகும்?" என்று கேட்டாள் சுகந்தி.

"நாளைக்கே கெடச்சா ஆறு நாள்ல ஓட்டிட்டுப் போலாம்மா." அஜீஸ் அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு மாரீஸ்வரனைப் பார்த்தார். அவள் தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் போன நேரத்தில் குரலைத் தாழ்த்தினார். "மாரி, அந்தப் பைப்பு மழைத்தண்ணியில அரிச்சது இல்ல. நா யார்ட்டயும் சொல்லல."

மாரீஸ்வரன் சாக்கின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டான்.

சுகந்தி கூட வருவாள் என்று அவன் நினைக்கவில்லை. தனியாகப் போய் வந்துவிடலாம் என்றுதான் சட்டையை மாட்டினான். "ஒரு பொருள் வாங்க மூணு தடவ அலையிற ஆளு நீங்க. நா வாரேன்" என்று அவளும் கிளம்பிவிட்டாள். தனுஷுக்கு ராமநாதபுரத்தில் மாத்திரையும் வாங்க வேண்டுமாம். கல்யாணமாகி அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது தனுஷுக்குப் பதினோரு வயது. பள்ளிக்கூடத்துக்கு டிபன் கட்டிக் கொடுத்தவள், பரீட்சைக்கு எழுப்பிவிட்டவள். இப்போது பன்னிரண்டு நாளாக அவனுக்கு மலஜலம் எடுப்பவளும் அவள்தான். பேச்சுக்குப் பேச்சு "அந்தப் பய பொய் சொல்ல மாட்டான்" என்பாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் மாரீஸ்வரனுக்குச் சோறு இறங்காது.

ராமநாதபுரத்தில் ஸ்பேர்ஸ் கடையில் உமாமகேஸ்வரி என்று ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சிலிண்டரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இது நிப்பாட்டி ஒம்போது வருசம் ஆச்சுண்ணே."

"புது மாடல் சிலிண்டர் சேராதாம்மா?" என்றாள் சுகந்தி.

"பாக்க ஒண்ணாத்தான் இருக்கும்க்கா. போல்ட் ஓட்டை ஒத்துக்காது. நீங்க பெரியபட்டினம் போங்க. தாஹா பாய்னு, பழைய வண்டி உடைக்கிறவரு. மீன் ஏத்தி ஓஞ்சுபோன பிக்கப் எல்லாம் கடைசியில அங்கதான் வரும். இந்த மாடல் நெறைய கெடக்கும்."

பெரியபட்டினம் என்ற பேச்சு விழுந்ததுமே மாரீஸ்வரன் சாக்கைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான். "பரமக்குடியில ஒருக்காப் பாத்துட்டு…" என்று இழுத்தான்.

"பரமக்குடி எதுக்குங்க? பெரியபட்டினம் இங்கன இருந்து ஒரு மணி நேரம். அந்தப் புள்ள இடம் சொல்லுது, ஆள் பேரும் சொல்லுது." சுகந்தி சாக்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் நடை எப்போதுமே ஒரு எட்டு முந்தித்தான் இருக்கும்.

பெரியபட்டினத்தில் இறங்கும்போது துண்டை எடுத்துத் தலையோடு முகத்தையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டான்.

"என்ன இது?"

"வெயிலு."

"மூடாக்காக் கெடக்கு வானம். எங்கேருந்து வெயிலு?"

அவன் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டு நடந்தான். டீக்கடை முன்னால் வந்ததும் சுகந்திக்குத் தலை வலித்தது. ஒரு டீ குடித்தால் தேவலை என்றாள். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? உட்கார்ந்தார்கள். மாஸ்டர் இரண்டு கிளாஸ் கொண்டுவந்து வைத்தார். ஒன்றைச் சுகந்தி பக்கம் தள்ளி, இன்னொன்றை மாரீஸ்வரன் கையிலேயே கொடுத்தார்.

"ஒங்களுக்குச் சீனி போடலண்ணே."

சொல்லிவிட்டு அவர் அடுப்புப் பக்கம் போய்விட்டார். சுகந்தி டீயை உறிஞ்சவில்லை. கிளாசின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சீனி வேணாம்னு சொல்லவே இல்லையே."

"சொன்னேன். நீ கவனிக்கல."

அவள் டீயைக் குடித்து முடித்தாள். பொய்யில் இது எத்தனையாவது என்று மாரீஸ்வரனுக்கே கணக்கு விட்டுப்போயிருந்தது. தன் மேலேயே அருவருப்பாக இருந்தது அவனுக்கு.

தாஹா பாயின் யார்டு ஊர்க் கடைசியில், கருவேலங்காட்டை ஒட்டி இருந்தது. தகரம் தகரமாக அடுக்கிய கதவுகள். சக்கரம் இல்லாத வண்டிகள் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தன. பாய்க்கு அறுபது வயது இருக்கும், கைலியை மடித்துக் கட்டி, காதில் பென்சில் செருகியிருந்தார். சாம்பிளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இதா? மூணு வண்டி கெடக்கு. இன்ஷா அல்லா ஒண்ணாச்சும் தேறும். வாங்க தங்கச்சி, கம்பி கிம்பி காலுல குத்திறாமப் பாத்து வாங்க."

முதல் வண்டியின் சிலிண்டர் வெடித்திருந்தது. இரண்டாவதில் யாரோ முன்பே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மூன்றாவது, ஒரு பள்ளிக்கூடத்துக்கு அரிசி ஏற்றிக்கொண்டிருந்த வண்டியாம். அதில் போல்ட் திருக மறுத்தது. மாரீஸ்வரன் கீழே படுத்து ஸ்பேனரைப் பிடித்துக்கொள்ள, பாய் மேலிருந்து சுத்தியலால் தட்டினார். அரை மணி நேரப் போராட்டம். வேலை ஓடிக்கொண்டிருந்தவரை மாரீஸ்வரனுக்கு நிம்மதியாக இருந்தது. இரும்பு யாரிடமும் கேள்வி கேட்பதில்லை. கடைசியில் சிலிண்டர் அப்படியே முழுசாகக் கையோடு வந்தது.

"ஒண்ணாம் நம்பர்" என்றார் பாய். "உள்ள ரப்பர் கிட்டு மட்டும் மாத்திட்டா இன்னும் அஞ்சு வருசம் ஓடும். வேறென்ன வேணும், நட்டா? அந்தப் பைப்பக் குடுங்க."

சாக்கிலிருந்து பைப்பை எடுத்துக் கொடுத்தது சுகந்தி. பாய் அதைக் கையில் வைத்து லேசாக அழுத்தினார். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"மீன் வண்டியாக்கும்" என்றார், சும்மா பேச்சுவாக்கில்.

"இல்ல பாய். மிளகா ஏத்துற வண்டி. எங்க சாமி பெட்டி போற வண்டி" என்றாள் சுகந்தி.

"அப்படியா? இது உப்புத்தண்ணி அரிப்பும்மா. ஐசு உருகி ஒழுகும்ல, அது. மேல வாளி வாளியா ஊத்திக் கழுவுவாங்க, சுத்தமாயிருச்சுன்னு நெனச்சுக்குவாங்க. கழுவக் கழுவ அம்புட்டு உப்பும் அடியில இந்தப் பைப்பு மேலதான் போய் இறங்கும். அடியில யாரு கழுவுறா? ஓட்டை விழுந்தா ஆயில் போயிரும், பிரேக்கு போயிரும்."

மாரீஸ்வரன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். பலகையை மஞ்சள் போட்டுக் கழுவியதெல்லாம் தம்பியின் காலை ஒடிக்கத்தானா?

சுகந்தி சட்டென்று தளர்ந்துவிட்டாள். "அப்ப தனுசு பொய்தான் சொல்லியிருக்கானா? ரெண்டு நாளு எடுத்துட்டுப் போனான். அன்னைக்கு மீன் ஏத்துனதுல ஆனதா பாய் இது?"

"ரெண்டு நாள்லயா?" பாய் சிரித்தார். "கொறஞ்சது ஆறு மாசம் ஏழு மாசம் ஓடியிருக்கணும் தங்கச்சி. தெனசரி ஓட்டு."

ஆறு மாதம் என்றதும் சுகந்தி நிமிர்ந்தாள். தனுஷ் ஊருக்கு வந்து மூன்று வாரம். அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். துண்டு நழுவி அவன் தோளில் கிடந்தது. அவன் முகத்தில் என்ன இருந்ததோ, பாய் அப்படியே நட்டுத் தேட உள்ளே போய்விட்டார்.

சாமானை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். நிழற்குடையில் வேறு ஆள் இல்லை. சிமெண்ட் பெஞ்சில் சாக்கை வைத்து, அதற்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"தண்ணிக் கேனு" என்றாள்.

அவன் தலை குனிந்திருந்தான்.

"எட்டு மாசமா ஒங்க சட்டையத் தொவைக்கிறவ நானு. ஒரு நாளும் எனக்கு வாட வரலையேன்னு இப்ப யோசிக்கிறேன். மாத்துச் சட்ட வச்சிருந்தீகளா?"

"வண்டிக்குள்ள வச்சிருந்தேன்."

"சரி. மீன் ஏத்துனது போகட்டும். வண்டி சும்மா நிக்குதேன்னு ஏத்துனீங்க, அதப் பேசிக்கலாம்." குரல் உயரவே இல்லை. அது உயர்ந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "அன்னைக்குக் காலையில சாவியத் தனுசு கையில குடுத்தீங்கள்ல. அப்ப பிரேக்கு சரியில்லன்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க."

அந்தக் காலை நேரம் பன்னிரண்டு நாளாக அவன் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு வாரமாகவே பிரேக்கை மிதித்தால் கால் உள்ளே போனது. தினமும் யாரும் எழுவதற்கு முன்னால் ஆயில் ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அசந்து தூங்கிவிட்டான். எழுந்து வந்தபோது மூட்டை ஏற்றி முடித்து, தனுஷ் சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றான். 'ஆயில் ஊத்திட்டுப் போடா' என்று நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் அய்யா மலையாண்டி நின்றார். ஆயில் ஏன் குறைகிறது என்று கேட்பார். பரமக்குடி வரை ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டான்.

"தெரியும்" என்றான்.

சுகந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில மூணாம் நாளு என்கிட்ட ஒண்ணு கேட்டான். 'அண்ணி, அண்ணே காலையில எந்திரிச்சதும் பானட்டத் தெறந்து ஏதாச்சும் ஊத்துவாரா'ன்னு. எனக்குத் தெரியலையேடா, ஏன் கேக்குறன்னேன். சும்மாதான்னு சொல்லிட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான். நா கூறுகெட்டவ, வலியில பேசுறான்னு நெனச்சுட்டேன்."

மாரீஸ்வரன் அழுதான். ரோட்டோரத்தில், முப்பத்தெட்டு வயது ஆம்பளை, தோளில் கிடந்த துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். சுகந்தி அவனைத் தேற்றவில்லை. அதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

"வீட்டுக்குப் போன ஒடனே அய்யாகிட்டச் சொல்லிர்றேன்" என்றான். "பங்காளிககிட்டயும் சொல்லிர்றேன். நானே விழுந்து கும்பிடுறேன்."

"வீட்டுக்குப் போயா? இந்த மூணு மணி நேரத்துல மறுபடி ஒரு காரணம் கண்டுபிடிச்சிருவீங்க. இப்பச் சொல்லுங்க."

அவன் போனை எடுப்பதற்கு முன்பே அது அடித்தது. அய்யாதான்.

"ஏலே மாரி, சாமான் கெடச்சுதா?"

"கெடச்சிருச்சுய்யா. அய்யா, நா ஒண்ணு…"

"இங்கன எல்லாம் முடிஞ்சிருச்சு. பங்காளிக பத்து மணிக்கே வந்துட்டாக. ஒன் தம்பி ஒத்துக்கிட்டான். மீன் ஏத்துனது நாந்தான்னு எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டான். வெள்ளிக்கெழம கோயில்ல விழுந்து கும்பிடுறதாப் பேச்சு. காலு மடங்காதுல்ல, ரெண்டு பேரு தாங்கிப் பிடிச்சுக்கிறதாச் சொல்லியிருக்காக."

மாரீஸ்வரன் போனைக் காதோடு அழுத்தினான். "அவங்கிட்டப் போனக் குடுங்கய்யா."

கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு தனுஷின் குரல், கொஞ்சம் களைத்துப்போய்.

"அண்ணே. சிலிண்டரு உருப்படியானதா?"

"தனுசு, எதுக்குடா அப்படிச் சொன்ன?"

"விடுங்கண்ணே. நா திருப்பூருல கெடக்குறவன், பெட்டியத் தொட்டா என்ன, தொடாட்டி என்ன? ரப்பர் கிட்டு மாத்தாம மாட்டிறாதீங்க. அண்ணி சாப்பிட்டாங்களா?"

அவன் பதில் சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது. அய்யா எங்கேயோ தள்ளி நடந்துபோவது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது.

"அய்யா, நா சொல்றத ஒருக்காக் கேளுங்க. அவன் ஏத்தல. ஏத்துனது…"

"வாய மூடுடா." மலையாண்டி குரலைத் தாழ்த்தினார். இவ்வளவு தாழ்ந்த குரலில் அய்யா பேசி அவன் கேட்டதே இல்லை. "எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? செதிலப் பாத்த அன்னைக்கே தெரியும். மூத்தவன் பேரு வந்தா பெட்டி இந்த வீட்ட விட்டுப் போயிரும். சின்னவன் பேரு வந்தா பழி அவனோட போயிரும், பெட்டி இங்கனயே இருக்கும். நா ரெண்டையும் யோசிச்சுத்தான் பேசாம இருக்கேன். அவன் ஒத்துக்கிட்டான், அதோட விடு. நீ வண்டிய ரெடி பண்ணு. என்னடா, கேக்குதா?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், மாரீஸ்வரனுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பன்னிரண்டு நாளாகக் கழுத்தை அழுத்தியதை யாரோ இறக்கி வைத்துவிட்டார்கள். சொல்ல வேண்டாம். அய்யாவே சொல்ல வேண்டாம் என்கிறார். அந்த நிம்மதி வந்த வேகத்தை நினைத்து அடுத்த கணமே குமட்டியது. ஆனால் வந்தது வந்ததுதான். வாய் அதற்குள் பதில் சொல்லிவிட்டிருந்தது.

போனை வைத்தான். தூரத்தில் ராமநாதபுரம் பஸ் வளைவு திரும்பியது. சுகந்தி எழுந்து சாக்கை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"மாமா என்ன சொன்னாக?"

"தனுசு ஒத்துக்கிட்டானாம். வண்டிய ரெடி பண்ணச் சொன்னாரு."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

'சரிங்கய்யா' என்று சொல்லியிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் காதிலும் அது விழுந்துதான் இருந்தது.